மாப்பிள்ளைக்குக் கேள்வி இல்லை

என் மாமனாரை ஏமாற்றியவனை நான் பார்த்ததில்லை. குரலை மட்டும் ஒரே ஒரு முறை, இரண்டு மூன்று நிமிடம் கேட்டேன். பதமான குரல். அவசரமில்லாமல், அடக்கமாக, பெரியவர்களிடம் பேசிப் பழகியவனாகப் பேசினான். என்னைவிட நல்ல மாப்பிள்ளையாக இருந்தான் என்பதை ஒத்துக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இப்போதும் முழுமனதோடு ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசர். மனைவியின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். மாமியார் காலமாகி நான்கு வருடமாகிறது. மாமனாருக்கு எழுபத்தொன்பது வயது. தேரடிக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் ஓர் அம்மாள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவார். மச்சினன் பெங்களூரில் இருக்கிறான். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "மாப்பிள வீட்ல போயி மாமனாரு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். நல்லாத்தான் இருக்கும் என்று நானும் வற்புறுத்தியதில்லை.

அவர் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவர். சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வருகிறவர் கைநாட்டு என்றால், ஊருக்கே தெரிந்த ஆளாக இருந்தாலும், சாட்சி இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. சொந்தத் தம்பி கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுவிட்டார் என்று வரிசையிலிருந்து திருப்பி அனுப்பியவர். அந்தத் தம்பி ஒரு வருடம் பேசவில்லை. "பேசாட்டிப் போறான், கையெழுத்து கையெழுத்துதான்" என்று இன்றைக்கும் சொல்வார். இப்படிப்பட்டவரிடம் எவன் பருப்பும் வேகாது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

ஆனாலும் எனக்கு ஒரு வியாதி உண்டு. திங்கட்கிழமை காதில் விழுந்ததைச் செவ்வாய்க்கிழமை என் சொந்தக் கண்டுபிடிப்பாக நாலு பேருக்குப் பாடம் எடுத்துவிடுவேன். குடும்ப வாட்ஸப் குழுவில் காலையில் எச்சரிக்கை, மாலையில் எச்சரிக்கை. யாரும் பதில் போட மாட்டார்கள். மாமனார் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்புவார்.

ஒருநாள் எங்கள் ஃபேக்டரிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து போன் மோசடிகளைப் பற்றிப் பேசினார். மகன் குரலில் பேசுவான், பேத்தி குரலில் அழுவான், விபத்து என்பான், கேஸ் ஆகிவிடும் என்பான், உடனே பணம் போடச் சொல்வான்; பதற வேண்டாம், வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்றார். தறிச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. கேட்டவர்களும் டீயோடு வந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குறிப்பெடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, செல்லோ டேப் சகிதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன்.

மாமனார் வீட்டு பீரோக் கதவில் அந்த அட்டையை ஒட்டினோம். பெரிய எழுத்தில் நான்கு வரி. மகன் என்று சொல்லி எவனாவது பேசினால்: நீ ஐந்தாவது படிக்கும்போது வீட்டிலிருந்த நாயின் பெயர் என்ன? மகள் என்று எவளாவது பேசினால்: சுடுதண்ணீர் கொட்டியது எந்தக் காலில்? பேரனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று. நாயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்னமும் கேள்வி அதுதான்.

என் மனைவி அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் எழுதலியே?" என்றாள்.

"நான் என்னைக்கு உங்கப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கேன்?" என்றேன்.

அது உண்மை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் சொல்ல வேண்டியதெல்லாம் அவள் வழியாகத்தான் போகும். மாமனாரோ அவள் கேட்டதற்கே அதிர்ந்துபோனார். "ஏம்மா, மாப்பிளகிட்டப் போயி நீ யாருன்னு கேள்வி கேக்கச் சொல்லுதியா? நல்லாருக்கு!" என்றார். எனக்கு அதைக் கேட்க இதமாக இருந்தது.

மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஃபேன் என் பக்கம் திரும்பும். டிவி ரிமோட் என் கைக்கு வரும். தட்டில் முதல் இட்லி எனக்கு. பேரப்பிள்ளைகள் பசி பசி என்று கத்தினாலும் அப்படித்தான். இதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கூச்சமாக இல்லை. பிடித்திருந்தது.

அட்டை நன்றாகவே வேலை செய்தது. மகள் தினமும் போன் செய்தாலும் மாமனார் விடமாட்டார். "எந்தக் கால்ல?" என்று கேட்டு, "வலது கால்லப்பா, நேத்தும் வலதுதான், நாளைக்கும் வலதுதான்" என்று அவள் கடுகடுத்த பிறகுதான் சாப்பிட்டாயா என்று விசாரிப்பார். பெங்களூர் மச்சினன் நாயின் பெயரை மறந்துபோய் இரண்டு நாள் அப்பாவோடு பேச முடியாமல், கடைசியில் அக்காவிடம் கெஞ்சித் தெரிந்துகொண்டான். நான் இதையெல்லாம் ஃபேக்டரியில் சொல்லிச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். வழக்கத்தைவிட உபசாரம் கூடுதலாக இருந்தது. எப்போதும் ஒரு டப்பா பால்கோவா வாங்கி வைத்திருப்பவர், அன்றைக்கு இரண்டு வாங்கியிருந்தார். சாப்பிடும்போது அவரே வந்து கறிக்குழம்பை ஊற்றினார். நான் கை கழுவப் போனபோது துண்டோடு பின்னால் வந்தார். அடுப்படியில் மகள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாப்பிள, மனசப் போட்டு அலட்டிக்கிடாதீக. மீதிய வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துருதேன். அவகிட்ட மூச்சு விடல."

நான், "ம்" என்றேன்.

இந்த 'ம்'மைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமனார் என்ன சொன்னாலும் என் பதில் அதுதான். மழை பெய்ததா, நிலத்தின் பட்டா வந்ததா, மூன்றாவது வீட்டுக்காரர் தவறிப்போனாரா, எல்லாவற்றுக்கும் ஒரே 'ம்'. முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னால் பேச்சு வளரும், வளர்ந்தால் கிரிக்கெட் போய்விடும். அன்றைக்கும் ஏதோ வீட்டு வரி, ஏதோ கொத்தனார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதே கிடையாது. வயதாகிவிட்டது, அதுதான் பாசம் பொங்குகிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவி முகத்தை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, ஃபேக்டரில எதும் பிரச்சனையா?"

"இல்லையே."

"யாருக்கோ மெஷின்ல கை மாட்டிக்கிருச்சாமே? உங்க மேல கேஸு வரும்னு சொல்லுதாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"எங்கப்பாதான். பேச்சோட பேச்சா வாய்விட்டுட்டாரு. பொறவு கேட்டா, நான் ஒண்ணும் சொல்லலன்னு சாதிக்காரு. 'மாப்பிளய நச்சரிக்காத, அவிய கஷ்டத்துல இருக்காக'ங்காரு. என்னங்க நடக்கு?"

எனக்கு அந்தக் கை கழுவுகிற இடமும் துண்டும் நினைவுக்கு வந்தன. மீதி என்றாரே. மீதி என்று ஒன்று இருந்தால், முதலில் போனது என்றும் ஒன்று இருக்க வேண்டும்.  ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன்.

"என்ன மீதின்னு நீங்க கேக்கலியா?"

"கேக்கல."

"எங்கப்பா பேசுனா நீங்க என்னைக்குக் காது குடுத்திருக்கீங்க!" என்று கத்திவிட்டு உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். அங்கே எந்தக் கால் என்ற கேள்விகூட வரவில்லை. இவள் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "இது எனக்கும் மாப்பிளைக்கும் உள்ளதும்மா, நீ தலையிடாத" என்று வைத்துவிட்டார்.

நானே பேசுகிறேன் என்று என் போனை எடுத்தேன். அதில் மாமனார் நம்பர் இல்லை. இருபத்தாறு வருட மாப்பிள்ளையின் போனில் கொசுவலை தைப்பவர் நம்பர் இருக்கிறது, மாமனார் நம்பர் இல்லை. மனைவி எதுவும் சொல்லாமல் நம்பரைச் சொன்னாள். அடித்தேன். மணி முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தேன். எடுத்தவர் நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். மூன்றாவது முறை போன் அணைக்கப்பட்டிருந்தது.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. அந்தக் குரல் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது: "மாமா, என் பழைய போன் தொலைஞ்சிருச்சு. ஊரெல்லாம் மோசடி நடக்குது. அந்த நம்பர்ல இருந்து எவனாவது மாப்பிள்ளைன்னு சொல்லிப் பேசினா நம்பிறாதீங்க." நான் வாட்ஸப்பில் வருடக்கணக்காக அனுப்பிய எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூட அவர் இவ்வளவு கச்சிதமாகக் கடைப்பிடித்ததில்லை.

அவரிடம் இருந்ததெல்லாம் பென்ஷனும், பேங்கில் கொஞ்சம் கைப்பணமும், தபால் ஆபீஸில் ஒன்றரை லட்ச ரூபாய் டெபாசிட்டும்தான். அந்த டெபாசிட் எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தன் கடைசிக் காரியத்துக்கு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது, அதிலும் மாப்பிள்ளை மடியில் கை வைக்கக் கூடாது என்று மாமியார் காலமான அந்த மாதமே போட்டு வைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. தபால் ஆபீஸ் திறப்பதற்குள் நாங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

காலையில் முதல் ஆட்களாகப் பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்க மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போனபோது மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுத் திருநீறு பூசி, மஞ்சள் பையில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கதவைப் பூட்டப்போனார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"நீங்க எதுக்கு மாப்பிள அலையுதீக? நான்தான் இன்னைக்குப் போட்டுருதேன்னேன்ல?"

"மாமா, நான் உங்ககிட்டக் காசே கேக்கல."

அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் புரிந்துவிட்டது என்கிற மாதிரி தலையாட்டினார். அவள் எதிரே மாப்பிள்ளை எப்படிச் சொல்வார் என்று நினைத்திருக்கிறார். என் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "இப்பச் சொல்லுங்க. இன்னும் எம்புட்டு வேணும்?"

மறுக்க மறுக்க என் ரோஷத்தின் மேல் அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. ஐந்து நிமிடம் மன்றாடினேன். போனில் பேசியது வேறு ஆள், ஃபேக்டரியில் யாருக்கும் கை போகவில்லை, என் மேல் ஒரு கேஸும் இல்லை என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்த பிறகுதான் அவர் கண்ணில் லேசாகக் கலக்கம் தெரிந்தது. அந்த அட்டை ஒட்டிய பீரோவைத் திறந்து, நாட்காட்டியில் கிழித்த தாள்கள் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார். தபால் ஆபீஸ் பழக்கம். தேதி, நேரம், அவன் என்ன சொன்னான், இவர் என்ன சொன்னார், எல்லாம் வரிசையாக.

அதைப் படித்தால் கதை வெட்டவெளிச்சமாக இருந்தது. அவன், மாமா நல்லாருக்கீங்களா என்று கேட்டிருக்கிறான். குரல் அடையாளம் தெரியலையா மாமா என்றிருக்கிறான். இவர், தெரியாம என்ன, மாப்பிளதானே என்றிருக்கிறார். மாப்பிள்ளையேதான் மாமா என்றிருக்கிறான். ஃபேக்டரிக்கு லீவா என்று இவர்தான் கேட்டிருக்கிறார். லீவு இல்ல மாமா, அங்கதான் ஒரு சிக்கல் என்றிருக்கிறான். மெஷினா? மெஷின்தான் மாமா. யாருக்கும் அடியா? கை மாமா. சூப்பர்வைசர்ன்னு உங்க தலையில கட்டுதாங்களா? ஆமா மாமா, என் தலையிலதான் கட்டுறாங்க. அவன் கையில் 'மாமா' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் இவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கேஷியர் கணக்கு என்று ஒரு நம்பரைச் சொல்லியிருக்கிறான். இவர் பேங்குக்குப் போய் நாற்பதாயிரம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: மாப்பிள்ளையிடம் நேரில் சொன்னேன், சரி என்றார்கள்.

அந்த வரியைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் சாட்சி கேட்டுப் பணம் கொடுத்த மனிதர். இந்தப் பணத்துக்கு நானே சாட்சி போட்டிருக்கிறேன்.

அப்போது அவர் போன் அடித்தது. திரையில் 'மாப்பிள்ளை' என்று வந்தது.

மாமனார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினேன். மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"மாமா, சாப்டீங்களா?" என்றது குரல்.

"ஆச்சு."

"மூட்டுவலி எப்படி இருக்கு மாமா? நேத்து அந்தத் தைலம் தேய்ச்சீங்களா?"

அவருக்கு மூட்டுவலி என்பதே எனக்குத் தெரியாது. நான் அவர் முழங்காலைப் பார்த்தேன். அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்திருங்க. நடந்து போக வேண்டாம் மாமா, ஆட்டோ வச்சுக்கோங்க. பணம் கிடக்கட்டும், உங்க உடம்புதான் முக்கியம்."

மாமனார் கவுண்ட்டர்க் குரலில், நிதானமாகச் சொன்னார்: "தம்பி, மாப்பிள இங்க எம் பக்கத்துல நிக்காக."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒழிந்தான் என்று நினைத்தேன். அவன் ஒழியவில்லை. குரல் இன்னும் பதமாகிவிட்டது. "மாமா, நான்தான் அன்னைக்கே சொன்னேனே. மாப்பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு எவனாவது வருவான்னு. பதறாதீங்க. அவன்கிட்ட எதையும் குடுத்திறாதீங்க."

மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை. கையெழுத்தை ஒத்துப்பார்க்கிற பார்வை அது. முகம் அதே முகம்தான், அவர் கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அந்த ஒரு கணம் அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நான்தான் உண்மையான மாப்பிள்ளை என்று காட்ட, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எதுவும் வரவில்லை. தைலத்தின் பெயர்கூடத் தெரியாதவன் என்னத்தைச் சொல்வது?

"அப்பா, போன வைங்கப்பா" என்றாள் என் மனைவி.

"வச்சிருதேன் தம்பி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்தோம். பேங்குக்குப் போனோம், ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாட்காட்டித் தாள்களைப் பார்த்த போலீஸ்காரர், இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு வைத்துக்கொண்டு ஏமாந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மாமனார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். டெபாசிட் தப்பியது. நாற்பதாயிரம் வரவில்லை, இனி வருமென்றும் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது நடுப்பகலாகிவிட்டது. மனைவி அடுப்படிக்குப் போனாள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஃபேன் அன்றைக்கும் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. எனக்கு அலைச்சலும் அவமானமும் சேர்ந்து கோபமாகத் திரண்டுகொண்டிருந்தன. என் கோபம் எப்போதும் கைக்கு அருகில் இருப்பவர் மேல்தான் பாயும்.

"ஒரு தடவையாச்சும் யாருன்னு கேட்டிருக்கலாம்ல மாமா? பெத்த மகன்கிட்டயே நாயி பேரு கேட்டீங்க. என் பேரச் சொல்லுறவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ கேட்டேனே மாப்பிள" என்றார்.

"எப்ப?"

"உங்க தல தீவாளிக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே மனைவி தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பண்டிகைக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்த டெலிபோன் பூத்திலிருந்து இவர் வீட்டுக்கு அடித்தேன். யாராவது வந்து அழைத்துப் போகட்டும் என்ற எண்ணம். வீட்டில் போன் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இவர் எடுத்து, கவுண்ட்டர்ப் பழக்கத்தில், "யாரு பேசுறது? பேரச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். புது மாப்பிள்ளையைப் பார்த்து யாரு என்று கேட்பதா என்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி ராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே இவரும் மாமியாரும் வேட்டி சட்டையும் முறுக்கு டின்னுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்து திட்டிய பிறகுதான் வந்தேன். இவர் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கதையைச் சில வருடம் ஃபேக்டரியில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். பிறகு எனக்கு அலுத்துவிட்டது, மறந்துவிட்டேன்.

"அன்னைக்கு எம் மக அழுத அழுக இருக்கே" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுக்குப் பொறவு உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல மாப்பிள. கேக்கக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"இவன் ரெண்டாவது தடவ பேசயிலயே எனக்கு நீங்க இல்லியோன்னு தட்டுச்சு. இம்புட்டுப் பிரியமா நீங்க பேச மாட்டீகளே. ஆனா, ஒருவேள நீங்களா இருந்துட்டா? கஷ்டத்துல போன் பண்ணுத மனுசன்கிட்ட யாருன்னு கேட்டு, அது நீங்களா இருந்துட்டா, பொறவு எம் மக பாடு என்ன ஆகும்? காசு போனாப் போகுதுன்னு போட்டுட்டேன்."

எழுபத்தொன்பது வயதில் அந்த மனிதர் பயந்தது திருடனுக்கு இல்லை. எனக்குத்தான் பயந்திருக்கிறார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, மழையைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 

"இனிமே கேளுங்க மாமா" என்றேன். "நானே பேசுனாலும் யாருன்னு கேளுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

 மகள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டா கோச்சுக்கிட மாட்டீகளே?"

மாட்டேன் என்றேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.